மாட்டு லாரியும் ஒரு கயிற்றுப் பாயும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வள்ளியூரிலேயே வேலை அமைந்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே மழை விடவில்லை, ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

பால் வற்றிய இரண்டு மாடுகளையும் மேலப்பாளையம் சந்தையில் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். தீவனம் விற்கிற விலையில் சும்மா கட்டிப் போட்டுக் காப்பாற்று என்று தூரத்தில் இருந்துகொண்டு சொல்வது நியாயமில்லை. மாட்டிறைச்சி நம் பக்கத்திலும் கேரளத்திலும் பலருக்கு அன்றாடச் சாப்பாடு, அதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சந்தையில் ஏற்றியதிலிருந்து இறக்குகிற வரை அதுகள் படுகிற பாடு இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும்.

போன வாரம் தக்கலையில் ஒரு டீக்கடை ஓரமாக மாட்டு லாரி ஒன்று டயர் மாற்ற நின்றது. களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற வண்டி. கிட்டே போய்ப் பார்த்தேன். எல்லா மாட்டுக்கும் மூக்கணாங்கயிற்றைச் சாண் நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு செவலை விழுந்து கிடந்தது. சாணமும் மூத்திரமும் கலந்து இரும்புத் தரை ஒரே வழுக்கல். முன்காலை ஊன்றி எழப் பார்க்கும், குளம்பு சறுக்கும், மறுபடி விழும். பக்கத்து மாட்டின் கால் அதன் வயிற்றின் மேல். கூட வந்த பையன் வாலை முறுக்கினான். அதற்கும் எழாத மாட்டின் கண்ணில் மிளகாய் தேய்க்கிற வழக்கமும் இருக்கிறது. நானும் கடைக்காரரும் வாளியில் தண்ணீர் கொண்டுபோனோம். கட்டியிருந்த கட்டில் அதுகளால் தலை குனிய முடியவில்லை, வாளியைத் தூக்கித்தான் பிடித்தோம். மாடு ஒருச்சாய்ந்தே நெடுநேரம் கிடந்தால் ஏப்பம் விட முடியாமல் வயிறு ஊதி, மூச்சு முட்டிச் செத்துப்போகும். வளர்க்கிற உனக்கு இது தெரியாததல்ல.

சட்டம் இல்லாமல் இல்லை. பரதநாட்டியக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் பேசிப் பேசி, 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1978-ல் வந்த விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால்நடை டாக்டரின் சான்று வேண்டும், கூடவே ஓர் ஆள் போக வேண்டும், மாடுகள் எஞ்சினைப் பார்த்து நிற்க வேண்டும். தரை வழுக்காமல் கயிற்றுப் பாயோ பலகையோ விரிக்க வேண்டும். கயிற்றுப் பாய், மக்கா! ஈத்தாமொழிப் பக்கம் போனால் கயிறு திரிக்கிற தேங்காய்த் தும்பு குவிந்து கிடக்கிற குமரி மாவட்டம் இது. இதன் வழியாகப் போகிற லாரியில் ஒரு பாய் விரிக்க ஆளில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம். முதல் தடவை பிடிபட்டால் சட்டம் போட்டிருக்கிற அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அதற்கு யார் பயப்படுவார்கள்?

ஆறு மாட்டோடு போனால் டீசல் காசு தேறாது என்பார் வியாபாரி. அவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் கால் ஒடிந்த மாட்டுக்கு விலை விழுகிறது, அடிபட்டுக் கன்றிய இறைச்சியை வெட்டி எறிய வேண்டியிருக்கிறது. மிரண்டு களைத்த மாட்டின் இறைச்சி கறுத்துப்போய்ச் சீக்கிரம் கெடும். அந்த நஷ்டத்தையும் அவர் கணக்கில் சேர்க்கட்டும்.

சரி, கொடுப்பதானால் தெரிந்த தரகரிடம் கொடு. சினை பிடித்திருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டிவிடு. ஏற்றும்போது நீயே பக்கத்தில் நில். மண்திட்டு ஓரமாக லாரியை நிறுத்தச் சொல்லி, பலகை போட்டு நடத்தி ஏற்று, தூக்கிப் போட விடாதே. வயிறாரத் தண்ணீர் காட்டி, வெயிலுக்கு முன்னால் அனுப்பு. கயிற்றுப் பாயை நான் ஈத்தாமொழியில் வாங்கி பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், லாரிக்காரருக்குச் சும்மாவே கொடுத்துவிடு. தரையின் நீள அகலத்தை மட்டும் அவரிடம் கேட்டு எழுது.

உன் கூட்டுக்காரன்