மண்ணடியில் நான்கு நாள்

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதுவது.

கல்யாணச் சாமான் வாங்கச் சென்னை போனபோது, கிண்டியில் நீ போட்டுக் கொடுத்த ஓட்டல் அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாங்கள் மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கியது தம்பி சொல்லித்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. போனில் உன் குரலே மாறிப்போனது. உன் அக்கறையை நாங்கள் மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. அவசரத்தில் எனக்குச் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. முழங்கால் வலி வந்ததிலிருந்து அப்பா என்னோடு வெளியே வருவதையே விட்டுவிட்டார். "நீ போயிட்டு வா, நான் இருந்துக்கறேன்" என்பார். கல்யாணத்துக்கு வாங்க வேண்டியதெல்லாம் பாரிமுனையைச் சுற்றித்தான் இருக்கிறது. கிண்டியில் தங்கியிருந்தால் நான் காலையில் கிளம்பி இருட்டிய பிறகு திரும்பும்வரை அவர் ஏசி அறையில் தனியாக டிவி பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார். என் பிள்ளை கல்யாணத்துக்கு நான் மட்டும் பத்திரிகை பார்ப்பதா?

எழும்பூரில் இறங்கி மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் போனோம். ராஜாஜி சாலையைத் தாண்டினால் பர்மா பஜார், அப்புறம் மண்ணடி. முதல் மாடியில் அறை, ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். லிப்ட் கிடையாது. சுடுதண்ணீர் காலை எட்டு மணிக்கு மேல் வராது, ஒருநாள் சுத்தமாக வரவே இல்லை. சரக்கு ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டிச் சத்தம் விடியும் முன்பே தொடங்கிவிடும். ஆனால் விரிப்பு வெளுத்துச் சுத்தமாக இருந்தது, கதவுத் தாழ்ப்பாள் கெட்டியாக இருந்தது. எனக்கு அது போதும்.

ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும்தான். முதல் நாள் அப்பா நான்கு கடை ஏறினார். வலித்ததும் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் காலை நீட்டிப் படுத்தார். சாயங்காலம் அவரே, "வா, அந்த மூணாவது கடையை இன்னொரு தரம் பார்க்கலாம்" என்றார். மூன்று வருஷமாக நான் கேட்காத வார்த்தை, பாப்பா. களைத்தால் திரும்பி வந்து படுக்க நடக்கிற தூரத்தில் ஒரு கட்டில் இருக்கிறது என்ற தைரியம்தான் அவரை நடக்க வைத்தது. மறுநாள் கோடவுன் தெருவில் சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் துணியைக்கூட அவர்தான் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. ஆர்மீனியன் தெருதான் மக்கள் வாயில் அப்படி மாறிப்போனதாம். வெளியே அவ்வளவு நெரிசல், உள்ளே மர நிழலும் அமைதியும். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

மூன்றாம் நாள் ராசப்ப செட்டித் தெருவில் கந்தகோட்டம் போனோம். வள்ளலார் சின்ன வயதிலேயே வந்து நின்று பாடிய முருகன் சன்னிதி. உன் தாத்தா தினமும் சொல்வாரே, அந்தப் பாட்டை அப்பா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ஒரு வரிகூட மறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், சாமியைப் பார்க்கவில்லை.

இரவு பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்டோம். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸில் வெங்காயமும் புளித்தண்ணீரும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். ரங்கூனில் பிறந்த தன் பெரியம்மா வீட்டில் செய்ததுபோலவே இருக்கிறது என்று அப்பா இரண்டாம் தட்டும் வாங்கினார். வயிறு ஒன்றும் செய்யவில்லை, கவலைப்படாதே.

பத்திரிகை மாதிரி மூன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மாப்பிள்ளையின் இனிஷியலைச் சரிபார்த்துச் சொல். அச்சானதும் வாங்க மறுபடியும் சென்னை போக வேண்டும். நீயும் குழந்தையும் வந்து இறங்குகிற வாரத்தில் அதை வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. தெருவைப் பார்த்த அறையாக இரண்டு வேண்டும் என்று லாட்ஜ் மேனேஜரிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா