கடைசிப் பத்தியைச் சேர்த்துவிடும் பெரியவர்களுக்கு

சமய இதழ்களை நடத்தும் ஆசிரியர் குழுவினருக்கு, வணக்கம்.

நான் எந்தச் சமயத்தவன் என்று இந்த மடலில் சொல்லப்போவதில்லை. சொன்னால், "அது அவர்கள் வீட்டு விவகாரம்" என்று மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் பேச வந்த வழக்கமோ ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஒருவர் தன் துயரத்தையோ ஐயத்தையோ எழுதி உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் இரக்கமுள்ளவர்கள், சட்டென்று திருப்பி அனுப்ப மாட்டீர்கள். முடிவில் ஒரு பத்தியைச் சேர்த்துவிடுகிறீர்கள். அதில் ஐயம் தீர்ந்துவிடும், கண்ணீர் காய்ந்துவிடும், எல்லாம் அவன் செயல் என்று மனம் தேறிவிடும். கீழே எழுதியவரின் பெயர் இருக்கும்.

எனக்கும் அது நடந்தது. அப்பாவுக்கு மறதி நோய் முற்றியிருந்த காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த பிரார்த்தனையில் அடுத்த வரி அவருக்கு வராமல் போனது. என் பெயரை மறந்தபோதுகூட நான் அவ்வளவு கலங்கவில்லை. இறைவனை நினைப்பதற்கென்றே இருந்த ஒரு மனிதரிடமிருந்து அந்த நினைவையே பறித்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டிருந்தேன். கேள்வியோடு கட்டுரையை நிறுத்தியும் இருந்தேன். அச்சில் வந்ததைப் பார்த்தால், அப்பா கடைசி நாளில் கண்விழித்து, முழுப் பிரார்த்தனையையும் சொல்லிவிட்டுப் புன்னகைத்திருக்கிறார்! அப்படி எதுவும் நடக்கவில்லை. உறவினர்கள் கூப்பிட்டு, "இதை எங்களிடம் சொல்லவே இல்லையே" என்று நெகிழ்ந்தார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்த இதழின் பெயர் இங்கே வேண்டாம். கேட்டதற்கு, "வாசகர் மனம் தளர்ந்துவிடக் கூடாது அல்லவா" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும். அதனால்தான் சண்டைக்குப் போகாமல் மடல் எழுதுகிறேன்.

நான் ஏன் எழுதுகிறேன் என்பதைச் சொன்னால் என் வருத்தம் புரியும். பேச்சில் நான் எளிதாகத் தப்பித்துக்கொள்கிற ஆள். நலமா என்று யாராவது கேட்டால் "அவன் அருளால் நலம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அதையே எழுதிப் பார்த்தால் அந்த வாக்கியம் நிற்பதில்லை. அடித்துவிட்டு வேறொன்று எழுதுவேன், அதுவும் நிற்காது. அப்புறம்தான் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவரும். வழிபாட்டில் முன்னோர் தந்த சொற்களைச் சொல்கிறேன். அதில் எனக்குக் குறையில்லை, பல நாட்களில் என்னைத் தாங்குவதே அந்தச் சொற்கள்தாம். ஆனால் நானாக அவனிடம் சொல்ல இருப்பது எழுதும்போது மட்டுமே வருகிறது. மனத்தில் உள்ளதெல்லாம் தெரிந்த ஒருவன் முன் நடிப்பதற்கு என்ன இருக்கிறது? ஆகவே நீங்கள் சேர்த்த பத்தி எனக்கு வெறும் திருத்தமாகப் படவில்லை. நான் கண்மூடி வேண்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் எழுந்து, "இவர் சொல்ல வந்தது அதுவல்ல" என்று அறிவித்த மாதிரி இருந்தது.

குறைசொல்லும் பக்தி நான் கண்டுபிடித்ததும் அல்ல. மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் பார்வை இழந்த சுந்தரர், ஆரூர் இறைவன் முன் நின்று பாடியதை நினைத்துப் பாருங்கள். கண் போன அடியவர்கள் இப்படி அல்லாடும்போது நீர் நன்றாக வாழ்ந்துபோம் என்று பாட்டுக்குப் பாட்டு இடிக்கிறார். வழக்கமாகப் பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடுவோருக்குப் பலன் சொல்வார்கள். இந்தப் பதிகத்தின் கடைசிப் பாட்டிலோ, ஊரறிய என் கண்ணைப் பறித்தீர், பழி உமக்குத்தான் என்கிறார். திருமுறையைத் தொகுத்தவர்கள் அதற்குமேல் ஆறுதலாக ஒரு பாட்டைக் கட்டி ஒட்டவில்லை. அப்படியே ஏழாம் திருமுறையில் வைத்தார்கள்.

விவிலியத்தின் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. என் நண்பர்களையும் என்னைவிட்டு விலக்கினீர் என்று சொல்லி இருளிலேயே முடிந்துவிடும். நூற்றாண்டுகளாக அதைப் படியெடுத்தவர்களுக்குக் கை துறுதுறுத்திருக்காதா?

இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் புகழின் உச்சியில் இருந்தவர். 1095இல் பாடம் நடத்த நா எழாமல், உணவு இறங்காமல், பதவியை விட்டுப் போனார். அதற்கும் முன்பே, கண்ணால் காண்பதைக்கூட நம்பலாமா என்ற ஐயத்தில் இரண்டு மாதம் போலக் கிடந்திருக்கிறார். இரண்டையும் பின்னாளில் தானே எழுதிவைத்தார். தெளிவு கிடைத்ததையும் எழுதினார், உண்மைதான். ஆனால் அந்தத் தெளிவு அவருக்குக் கிடைத்தது, அவரே எழுதினார்.

இன்னொருவர் உங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ளவர். ஆங்கிலக் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ் 1868இல் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்தபோது, கவிதை துறவுக்கு இடையூறு என்று கருதித் தன் கவிதைகளை எரித்தார். ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1875 டிசம்பரில் டாய்ச்லாந்து என்ற கப்பல் உடைந்து ஐந்து கன்னியாஸ்திரிகள் மூழ்கி இறந்தார்கள். இதைப் பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று சபைத் தலைவர் ஒருவர் சொன்னது அவருக்குப் போதுமானதாக இருந்தது. எழுதி முடித்து அவர் அனுப்பியது தன் சபையின் இதழுக்குத்தான். அது வெளியிடவில்லை. ஐயத்துக்காக அல்ல, நடை புரியாததால் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் 1889இல் இறந்தார், கவிதைகள் நூலாக வந்தது 1918இல். அதற்காக நான் அந்த இதழைப் பழிக்க மாட்டேன். மறுத்தார்கள், மாற்றவில்லை. வேறொருவர் அச்சிட முழுக் கவிதை மிஞ்சியிருந்தது.

வாசகர் மனம் தளரும் என்கிறீர்களே, அந்த வாசகர் யார்? நேற்றுப் பிள்ளையைப் பறிகொடுத்தவர் உங்கள் இதழைப் பிரிக்கிறார். இதழ் முழுக்க எல்லோருக்கும் ஒன்றரைப் பக்கத்தில் மனம் தேறிவிடுகிறது. தனக்கு மட்டும் தேறவில்லை என்றால் தன் நம்பிக்கைதான் ஓட்டை என்று அவர் முடிவு செய்வார். உங்கள் கடைசிப் பத்தி அவரைத் தனியாக விட்டுவிடுகிறது. அவரைப் போலவே தேறாதவர்கள் அதே வழிபாட்டில் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடிய ஒரே பக்கத்தை நீங்கள் திருத்திவிட்டீர்கள்.

புலம்பல் என்ற பெயரில் வருவதெல்லாம் அச்சுக்குத் தகுதியானது என்று நான் சொல்லவில்லை. தன்னிரக்கம் நிறைய வரும், என்னிடமிருந்தும் வந்திருக்கலாம். நீளம் குறையுங்கள், பிழை திருத்துங்கள், உங்கள் சமயக் கொள்கைக்குப் பொருந்தாது என்றால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். எழுதியவர் சொல்லாத நிகழ்ச்சியை மட்டும் சேர்க்காதீர்கள். ஆறுதல் சொல்லியே ஆகவேண்டும் என்று பட்டால், அதைத் தனியாக, உங்கள் பெயரில், பக்கத்துப் பத்தியில் எழுதுங்கள். நானும் படிப்பேன்.

அப்பாவைப் பற்றிய கட்டுரை நான் எழுதியபடியே என்னிடம் இருக்கிறது. எந்தச் சமயத்து இதழானாலும் சரி, கேள்வியோடு முடித்து வெளியிடச் சம்மதம் என்றால் அனுப்பித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்