நிறுத்திய படத்தைத் திரையிடுங்கள்: மண்டபத் திரையிடல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். இம்மாதத் திரையிடலுக்கென நீங்களே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த படத்தை இரண்டு நாள் இருக்கையில் நீக்கிவிட்டு, ஒரு சண்டைப் படத்தைப் போட்டீர்கள். காரணம் கேட்டவர்களிடம், "பைத்தியக்கார டாக்டர் படமெல்லாம் குடும்பத்தோடு பார்க்க முடியாது" என்றீர்கள். அந்தப் படத்தை அடுத்த மாதமே திரையிட வேண்டுமெனக் கேட்கவே இதை எழுதுகிறேன்.

அக்காள் மகளின் மடிக்கணினியில் நான் அதை முன்பே பார்த்துவிட்டேன். அதில் பைத்தியக்காரர் எவரும் இல்லை. ஒரு சிற்றூரில் மளிகைக்கடையின் மாடியறையை வாடகைக்கு எடுத்து, வருவோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் மனநல ஆலோசகர் ஒருவர்தான் அதன் நாயகர். ஊரார் கண்ணில் படக்கூடாதென்று எல்லோரும் பின்படிக்கட்டில் ஏறி, அங்கே ஒருவரையொருவர் கண்டு திகைத்து, "அரிசி வாங்க வந்தேன்" என்று சொல்லிக்கொள்ளும் காட்சியில் நான் வாய்விட்டுச் சிரித்தேன்; உடனே எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் அக்கா ஒருவர் நினைவுக்கு வந்து, சிரிப்பு நின்றுவிட்டது.

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி வளர்த்த மகனுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்ன நாள் முதல், துணி எடுக்க ஈப்போவுக்குப் போவதாகச் சொல்லித்தான் அவர் மகனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்கிறார். வீட்டுக்கு வருவோர் படித்துவிடுவார்களென்று மருந்துப் பொட்டலங்களின் மேலுள்ள தாளைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளை ஒரு மைலோ டின்னில் கொட்டி வைத்திருந்தார். காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்பது ஒருநாள் குழம்பிப்போயிற்று. தூக்க மாத்திரையைக் காலையில் விழுங்கிய பிள்ளை தொழிற்சாலையில் இயந்திரத்தின் அருகிலேயே சாய்ந்துவிட்டான், வேலையும் போய்விட்டது. சென்ற மாதம் நீங்கள் காட்டிய படத்தில், மனநிலை தவறியவராக நடித்தவரை ஆளாளுக்கு அடித்து விரட்ட, மண்டபமே சிரித்தபோது அவன் மூன்றாம் வரிசையில்தான் இருந்தான். பாதியிலேயே எழுந்து போனான். அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்று தீர்மானித்த நீங்கள், இதைப் பார்க்கக்கூடாது என்கிறீர்கள்.

நம் வட்டாரத்தில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. 1911இல் அங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைக்குப் பின்னாளில் மலாய் மொழியில் மகிழ்ச்சி என்று பொருள்படும் 'பஹாகியா' என்ற பெயரைச் சூட்டியும் நம் வாயிலிருந்து வசை போகவில்லை. என் தந்தை தோட்டத்து டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் அவர் பெட்டியில் மருந்து இருந்தது. இரவெல்லாம் உறங்காமல் அழுதுகொண்டு வந்த பெண்களிடம், "சாமி கும்பிடும்மா" என்பதற்கு மேல் சொல்ல அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. இன்று அந்த நிலை இல்லை. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டித்த, தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. சுகாதார அமைச்சின் 15555 என்ற உதவி எண்ணுக்கு அழைத்து மனம்விட்டுப் பேசலாம். அதே 2023இல் எடுத்த தேசிய உடல்நல ஆய்வு, இந்நாட்டில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொல்கிறது. இவற்றையெல்லாம் அச்சிட்டு நம் மண்டபச் சுவரில் ஒட்டினால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்? சிரிக்க வைக்கும் ஒரு படமென்றால் பாட்டி முதல் பேரன் வரை வந்து உட்காருவார்கள்.

சினம் சற்று மேலோங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊதியம் ஏதுமின்றி நாற்காலி அடுக்கும் உங்கள் உழைப்பை நான் மறக்கவில்லை. பெற்றோர் எவரேனும் எதிர்த்திருந்தால் அவர்களிடம் நானே வந்து பேசுகிறேன். அடுத்த மாதத் திரையிடலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள். அதன் சுவரொட்டியைக் கிழித்த அதே பலகையில் மீண்டும் ஒட்டுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த அக்காவையும் மகனையும் முன்வாசல் வழியாக அழைத்து வர நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து டிரஸ்ஸரின் மகள்