உன் கண்ணைப் பொத்திய கை

தம்பி,

ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் இதைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுகிறேன். இந்த முறை முடித்தாக வேண்டும். 2031 சூரிய கிரகணத்துக்கு உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

2019, உதகை. நிலா சூரியனின் நடுவை மறைத்து, விளிம்பை மட்டும் வளையமாக விட்டுவைக்கும் கிரகணம். ஒன்பதரை மணிவாக்கில் மேகம் கொஞ்சம் இளகியது. கிரகணக் கண்ணாடி போட்டிருந்தவர்களுக்கு ஒரே இருட்டு. வெறுங்கண்ணுக்கு வளையம், நிலா மாதிரி சாதுவாக. நீ கண்ணாடியைக் கழற்றினாய். மேகம் திரும்ப மூடும்வரை நீ பார்த்தது என் உள்ளங்கையைத்தான்.

மன்னித்துவிடு. ஆனால் கணக்கையும் பார். அந்தக் கண்ணாடி லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். வளையமான பிறகும் சூரியனில் ஆறு விழுக்காடு மிச்சம். மேகம் சட்டென்று விலகியிருந்தால், கண்ணாடி வழியே வரும் முழுச் சூரியனைவிட ஆறாயிரம் மடங்கு உன் கண்ணில் இறங்கியிருக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்து சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும்.

"நீங்க பாத்தீங்களா அண்ணே?" என்று கேட்டாய். பள்ளிப் பிள்ளைகளும் படிக்கிற இடம் இது. பதில் சொல்ல மாட்டேன்.

உன் கேமரா விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. மேகம் கெட்டியாக இருக்கும்போது லென்ஸ் முன்னாலிருக்கும் சூரிய ஒளி வடிகட்டியைக் கழற்றி, பின்திரையை மட்டும் பார்த்து எடுக்கலாம். வியூஃபைண்டரில், அதாவது கேமராவின் பார்வைத் துளையில், கண் வைக்கக் கூடாது, வடிகட்டி கையிலேயே இருக்க வேண்டும். ஆட்டோஃபோகஸ் மேகத்தில் தடுமாறும். முன்னதாகவே சூரியனின் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை டேப் ஒட்டி இறுக்கியிருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லவில்லை. அதற்காகக் குழுவில் அத்தனை பேர் முன்னால் "அண்ணன் மேகம் காட்டினார்" என்று எழுதுவதா? ஊசித்துளை அட்டை வேலை செய்யாததற்கும் என்னையே திட்டினாய். நிழலே விழாத வெளிச்சத்தில் அட்டையில் பிம்பம் எங்கிருந்து வரும்?

2031 மே 21. கேரளம், தென் தமிழ்நாடு, வடக்கு இலங்கை வழியாக வளையம் போகிறது. மலை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று நீ சொன்னதும் அதுதான். மலையில் மேகம் தங்கிவிடும். சமவெளியில் வெயிலால் எழும் பஞ்சு மேகம், கிரகணத்தில் சூரியன் மறைய மறையத் தரை ஆறி, கரையவும் வாய்ப்புண்டு. கூரை போட்டது போலப் படர்ந்தால் கரையாது, அதற்குத்தான் வண்டி. முதல் நாள் இரவே செயற்கைக்கோள் படம் பார்த்து இடத்தை முடிவு செய்வோம், விடிந்தபின் மலைப்பாதையில் சிக்க வேண்டாம்.

மதிய வேளை, சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். சாதாரண முக்காலியில் கேமரா அவ்வளவு நிமிராது. பாய் கொண்டுவா, மல்லாந்து படுத்துக்கொள்ளலாம். பழைய கண்ணாடியில் கீறல் இருந்தால் தூக்கிப் போடு, புதிதாக இரண்டு நான் வாங்கி வருகிறேன்.

கண்ணைப் பொத்த மாட்டேன் என்று மட்டும் சத்தியம் கேட்காதே.

அண்ணன்