தலையில் பட்ட அடியைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தொழில்முறை ரக்பி வீரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025-ல் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்றதிலிருந்து, காரைக்குடிப் பக்கத்துக் கபடிப் பையன்கள் சிலரும் இந்த ஆட்டத்தைப் பற்றி விசாரிக்கிறார்கள். ஓட்டம், பிடி, துணிச்சல் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. தாராளமாகப் போகட்டும். ஆனால் சம்பளத்தையும் புகழையும் விரிவாகச் சொன்ன கட்டுரை, தலையில் படும் அடியைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இங்கிலாந்தின் ஸ்டீவ் தாம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். இரு அணி வீரர்களும் தோளோடு தோள் பிணைந்து குனிந்து முட்டுகிற ஸ்கிரம்மில், முன்வரிசைக்கு நடுவே நிற்கிற ஹூக்கர் அவர். 2003-ல் உலகக் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். கழுத்துக் காயத்தால் 2007-ல் விலகி, பிறகு திரும்பி வந்து 2011 வரை ஆடினார். 2020-ல், 42 வயதில், தனக்கு மறதி நோய் வந்துவிட்டதாக அறிவித்தார். அந்த உலகக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்றார். அவரைப் போன்ற முன்னாள் வீரர்கள் பலர் ரக்பி அமைப்புகள் மீது வழக்குப் போட்டிருக்கிறார்கள். அவர் ஆடிய ரக்பி யூனியன் என்ற ஆட்டவகை 1995-ல்தான் முறைப்படி சம்பள ஆட்டமானது. அந்த முதல் தலைமுறைக்கே இந்தக் கதி.

இப்போது விதிகள் கடுமையாகிவிட்டன. பெரிய போட்டிகளில் தலையில் அடிபட்டவரை வெளியே அழைத்துப்போய் மருத்துவர் சோதிக்கிறார். மருத்துவர் இல்லாத ஊர் மைதானங்களுக்கு விதி இன்னும் எளிது: சந்தேகம் வந்தாலே வெளியே, அன்று மறுபடி ஆடக் கூடாது.

எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது விதிதான். சிராவயல் மஞ்சுவிரட்டில் மருத்துவக் குழுவும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்கின்றன. திருவிழாக் கபடியில் என்ன நடக்கிறது? மண்டையோடு மண்டை மோதி விழுந்த பையனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஒரு சோடாவைக் கொடுத்து, அடுத்த ரெய்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ரத்தம் வந்தால் பதறுகிறவர்கள் ஊமைக்காயத்தைக் கண்டுகொள்வதில்லை. மயக்கம் தெளிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் எல்லாம் சில மணி நேரம் கழித்தும் வரலாம். அந்த நேரத்தில் பையன் வீட்டில் தனியாகப் படுத்திருப்பான்.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் போட்டி நடத்தும் விழாக் குழுவினர், பரிசுத் தொகையை அச்சடிக்கும் அதே நோட்டீஸில், தலையில் அடிபட்டவர் அன்று மீண்டும் களம் இறங்க முடியாது என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். காசு செலவில்லாத காரியம். நடுவரும் அதில் உறுதியாக நிற்க வேண்டும். தங்கள் இதழும் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று விவரமாக வெளியிட்டால், அந்தப் பக்கத்தைப் பள்ளிக்கூடங்களில் ஒட்டிவைக்க நானே ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
தேவகோட்டை.