உள்காது நோய்க்காரங்களுக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் பலன் தரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மனைவிக்கு மெனியர்ஸ்னு ஒரு உள்காது நோய். திடீர்னு தலை சுத்தும், காது அடைச்சுக்கும், உள்ள ஒரே இரைச்சல், கேக்குற திறன் ஏறும் இறங்கும், ஒரு கட்டத்துல இறங்குனது இறங்குனபடியே நின்னுபோச்சு. ஹியரிங் எய்ட் போட்டும் "சத்தம் வருது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல"ன்னு சொல்லுவா, நான் இன்னும் கத்துவேன், அவ அழுதுடுவா. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி, வைக்கலாமான்னு கேட்டதுக்கு ஒரு டாக்டர், உள்காதுலயே வியாதி இருக்கு, அதுல போய் மெஷின் வச்சு என்ன பிரயோஜனம்னு சொல்லிட்டாரு. அதை நம்பி ரெண்டு வருஷம் வீணாப்போச்சு, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

இம்ப்ளான்ட் காக்ளியாவுல (உள்காதுல நத்தைக்கூடு மாதிரி இருக்குற பகுதி) சத்தத்தை உணர்ற முடி மாதிரியான செல்களை நம்பி வேலை செய்யல, அதோட எலக்ட்ரோடு, அதாவது மின்சாரம் குடுக்குற முனை, நேரா கேக்குற நரம்பைத் தூண்டுது, நரம்பு நல்லா இருந்தா போதும். அதனால மெனியர்ஸ் உள்ளவங்களுக்கும் பேச்சு புரியுறது பெரும்பாலும் மத்த இம்ப்ளான்ட்காரங்க அளவுக்கே வருது, நிறைய பேருக்கு இரைச்சலும் குறையுது. தலைசுத்தல் தாங்காம உள்காதோட பேலன்ஸ் பகுதியை எடுத்தவங்களுக்குக்கூட வைக்கிறாங்க. ஆனா இம்ப்ளான்ட் தலைசுத்தலை நிறுத்தாது, இதையும் முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா ஏமாந்துபோவாங்க. சிலருக்கு நோய் கூடுறப்ப சத்தம் மாறும், ஆடியாலஜிஸ்ட்கிட்ட (கேக்குற திறனைப் பாக்குற நிபுணர்) போய் திரும்ப மேப்பிங், அதாவது கருவியோட அளவுகளைச் சரி பண்ணிக்கணும். ஓட்டோஸ்கிளிரோசிஸ்ங்கற காது எலும்பு நோய் உள்ளவங்களுக்கு சில சமயம் முகம் துடிக்கும், அதுக்குக் காரணமான எலக்ட்ரோடை அணைச்சு வைப்பாங்க. மெனிஞ்சைட்டிஸ் (மூளை உறையில வர்ற அழற்சி) வந்து காது போனவங்க மட்டும் தள்ளிப்போடவே கூடாது, காக்ளியாவுக்குள்ள எலும்பு வளந்து அடைச்சுட்டா எலக்ட்ரோடை உள்ள விடுறதே கஷ்டம்.

கடைசியில என் மனைவிக்கும் இம்ப்ளான்ட் வச்சோம். அதை ஸ்விட்ச் ஆன் பண்ண அன்னிக்கு என் குரல் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்குன்னு சொன்னா, அவ முகமே வாடிப்போச்சு. தினமும் சத்தமா படிச்சுக் காட்டி பழக்குனோம். மூணாவது மாசம் ஒருநாள் நான் திரும்பி நின்னு சாவியைத் தேடிட்டே "எங்க வச்சேன்"னு எனக்குள்ள சொல்லிக்கிட்டேன், "மேசை மேல"ன்னு பின்னாடி இருந்து பதில் வந்துச்சு. என் உதட்டை அவ பாக்கவே இல்ல.

கேக்காம போன காலம் நீள நீள பலன் குறையும். இப்பவும் எத்தனை பேர் "உள்காது வியாதி"ங்கற ஒரு வார்த்தையைக் கேட்டு வீட்டுக்குத் திரும்புறாங்களோ, தயவுசெஞ்சு உங்க மருத்துவப் பக்கத்துல ஒரு ஆடியாலஜிஸ்ட்கிட்ட கேட்டு இதை விவரமா எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்