தரங்கம்பாடிக்குப் போய் வந்தேன் மாப்ளே

காங்கயம்
ஆவணி 21

மாப்ளே,

சௌக்கியந்தானே? தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லாரும் நல்லபடி. மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் மோட்டார் போட்டால் முக்கால் மணி நேரத்தில் காற்று வாங்குகிறது. செவலை கன்று போட்டிருக்கிறது, கெடேரி. ஊர் சமாச்சாரம் அவ்வளவுதான்.

தை நோம்பிக்கு அப்புறம் நீ எத்தனை தடவை கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல வராது, உண்மையைச் சொல்லவும் வாய் எழவில்லை. இப்போதுகூட போனில் சொன்னால் நீ பாதியிலேயே "அது கெடக்குது, இதைக் கேளு" என்று உன் கதையை ஆரம்பித்துவிடுவாய். அதனால் கடுதாசி. முழுசாகப் படி. திட்டுவதாக இருந்தால் அதற்கப்புறம் திட்டு.

விசயம் சின்னவனைப் பற்றி. திருப்பூரில் அவன் வேலை பார்க்கிற கம்பெனியிலேயே மெர்ச்சண்டைசிங் பார்க்கிற ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றான். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், கட்டுத்தரையில் வைத்துச் சொன்னான். எந்த ஊர் என்றேன். தரங்கம்பாடி என்றான். என்ன ஆளுக என்றேன். "கடலுக்குப் போறவங்கப்பா" என்றான். சோளத்தட்டு அள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு வந்தேன். ஏழு மாசம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன் அக்கா நடுவில் கிடந்து தவித்தாள். சோறு போட்ட வட்டிலை அவன் பக்கமும் என் பக்கமும் நகர்த்தி நகர்த்தியே அவளுக்குக் காலம் போயிற்று.

கடைசியில் ஆத்தாதான் சொன்னாள். தொண்ணூறு வயசுக் கிழவி. "வேண்டாம்னு சொல்றவன் ஒரு எட்டுப் போய்ப் பாத்துப்போட்டு வந்து சொல்லு. பாக்காமச் சொன்னா அது பாவஞ்சாமி." சரி, முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன். அவனைக் கூட்டிப் போகவில்லை. திருப்பூரில் ஜன் சதாப்தி ஏறி, மாயவரத்தில் இறங்கி, பொறையார் பஸ் பிடித்தேன். உன் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வந்தோமே, அதே ரோடு. கோவிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கடல். அன்றைக்கு நாம் அதைப் பார்க்காமலேயே திரும்பிவிட்டோம். உனக்கு ஈரோட்டில் மஞ்சள் ஏலம் இருந்தது.

பெண்ணின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயசு இளையவர். "வாங்கண்ணே" என்று பையை வாங்கிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்தேன் மாப்ளே. நைலான் கயிறு அறுத்து அறுத்து உள்ளங்கையில் ரேகையே இல்லை. என் அப்பாருக்குக் கிணற்றில் கவலை இறைத்த கை இப்படித்தான் இருக்கும். அப்போதே எனக்குள் ஏதோ தளர்ந்துவிட்டது. ஆனாலும் மனசை இறுக்கிக்கொண்டுதான் போனேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஊரைச் சுற்றிக் காட்டினார். நகர வாசலுக்குள் நுழைந்தால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் வெள்ளைக்காரன் கட்டின பெரிய பெரிய வீடுகள். தெருக் கடைசியில் கோட்டை, அதற்கப்புறம் கடல். வெள்ளைக்காரன் என்றால் நாம் நினைக்கிற இங்கிலீஷ்காரன் இல்லை. டென்மார்க்குக்காரன். 1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார். நாயக்கர் அந்த நாட்டு ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் எழுதின ஓலை இன்னமும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறதாம். இருநூறு வருசத்துக்கு மேல் வியாபாரம் பண்ணிவிட்டு, 1845ல் இந்தியாவில் அவனுக்கு இருந்த மற்ற இடங்களோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டான். சரக்கெல்லாம் நாகப்பட்டினம் பக்கம் திரும்பிக்கொள்ள, துறைமுகம் படுத்துவிட்டது. 1926ல் மாயவரத்திலிருந்து ரயில் விட்டார்கள். அதையும் எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். வந்தவன் எல்லாம் போய்விட்டான், அவனுக்கு முன்னால் இருந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வீதியின் ஓரத்தில் வலையை விரித்துப்போட்டு நாலு பேர் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

உனக்குப் பிடிக்கிற சங்கதி ஒன்று சொல்கிறேன். நம் கணக்கு வாத்தியார் பிரம்பைச் சுழற்றிக்கொண்டு "அச்சடிச்ச புத்தகத்தை மிதிக்காதே" என்பாரே, தமிழில் புத்தகம் அச்சடித்த பெருமையில் பெரும்பங்கு இந்த ஊருக்கு உண்டு. சீகன்பால்கு என்று ஒரு ஜெர்மன்காரர், 1706ல் இருபத்து நாலு வயசுகூட நிரம்பாமல் வந்து இறங்கியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுதித் தமிழ் படித்திருக்கிறார். 1715ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார்கள். காகிதம் போதாமல் பக்கத்துப் பொறையாரிலேயே காகித ஆலை போட்டார்கள். முப்பத்தாறு வயசில் செத்துப்போனார். அவர் கட்டின புதிய ஜெருசலேம் தேவாலயத்திலேயே புதைத்திருக்கிறார்கள். 1707லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர் என்று அந்த அப்பா சொன்னபோது எனக்கு என் பெரிய அக்கா ஞாபகம்தான் வந்தது. எட்டாவதோடு அவளை நிறுத்தி மாடு மேய்க்க அனுப்பினோமே. முந்நூறு வருசத்துக்கு முன்னால் ஒரு கடலோரத்து ஊரில் நடந்தது, 1970ல் நம் ஊரில் நடக்கவில்லை.

அங்கேயே அலையை ஒட்டி ஒரு சிவன் கோவில், மாசிலாமணிநாதர். 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டினது. முன்பக்கத்தையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பழுது பார்த்துக் கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதே முதுகுக்குப் பின்னால் அலை கல்லில் மோதுகிறது. "எங்க தாத்தா காலத்துல கடல் இன்னும் தூரத்துல இருந்துச்சுண்ணே" என்று கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டின இடத்தில் ஒரு படகு ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெடியால மூணு மணிக்கு எழுப்பிக் கரைக்குக் கூட்டிப் போனார். கும்மிருட்டு. அவர் தலையைத் தூக்கி மூக்கால் காற்றைப் பார்த்துவிட்டு, "கச்சான் அடங்கிடுச்சு, போலாம்" என்றார். நாம் மேற்கே மின்னலைப் பார்த்து உழவைப் பற்றி யோசிப்போமே, அதே முகம். அஞ்சு பேர் ஃபைபர் படகைத் தள்ளினார்கள். அலை முறிகிற இடத்தைத் தாண்டுகிற அந்த அரை நிமிசம் எனக்கு உயிரே இல்லை. தாண்டினதும் இஞ்சின் சத்தம் சீராகிவிட்டது. நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எட்டரைக்குத் திரும்பினார்கள். பாடு சுமார்தான். மத்தியும் காரப்பொடியும் நாலு கூடை, சங்கரா கொஞ்சம், ஒரே ஒரு வஞ்சிரம். மணலில் கொட்டினதும் ஏலம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், அன்னக்கூடையோடு சுற்றி நிற்கிறார்கள். ஏலம் விடுகிறவர் வாய் ஓயாமல் விலை ஏற்றிக்கொண்டே போகிறார். வந்த பணத்தில் டீசலைக் கழித்துவிட்டுப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு. அன்றைக்கு அவர் கைக்கு வந்தது அறுநூற்றுச் சொச்சம். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. வஞ்சிரத்தை மட்டும் ஏலத்துக்கு விடாமல் எனக்கென்று எடுத்து வைத்துவிட்டார். அதை விற்றிருந்தால் அன்றைய டீசல் காசு வந்திருக்கும்.

அவருக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு பேச்சில்தான். சுருக்குமடி வலை. 2000லேயே அரசாங்கம் தடை போட்ட வலை. ஆனாலும் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரிய மீன், குஞ்சு மீன் என்று பார்க்காமல் கூட்டத்தையே வளைத்து வாரிவிடும். "ஒரு வலை வாரிட்டுப் போனா நாங்க பத்துப் படகு சும்மா வர வேண்டியதுதான்" என்றார். நான் நம் ஊரில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு, அக்கம்பக்கத்துக் கிணற்றையெல்லாம் வற்ற வைத்த கதையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உங்களுக்குப் புரியும்" என்றார்.

அதுவரைக்கும் நான் வந்த விசயத்தை எடுக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

பொழுதோட, பெண்ணின் பாட்டி வாசலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர்கள் வீடு இப்போது கரையைவிட்டுத் தள்ளி, சுனாமிக்கு அப்புறம் கட்டிக் கொடுத்த குடியிருப்பில். அந்த நாளைச் சொன்னாள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஏலம் நடக்கிற நேரம், பெண்கள் எல்லாம் கரையில். பெண்ணின் அம்மாவும் கூடையோடு அங்கேதான் நின்றாள். பாட்டி அஞ்சு வயசுப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு மாடி வீட்டில் ஏறிவிட்டாள். மருமகள் திரும்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாப்ளே. சிவன்மலை முருகன் கோவிலில், சாமி கனவில் வந்து சொன்ன பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதனால்தான் கடல் பொங்கியது என்று நாம் டீக்கடையில் உட்கார்ந்து அதிசயமாகப் பேசிக்கொண்டிருந்தோமே. அந்த நேரத்தில் இந்தக் குழந்தை மொட்டை மாடியில் நின்று அம்மா அம்மா என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அதற்கப்புறம் அந்தப் பெண் கரைப்பக்கம் போனதே இல்லையாம். கடல் சத்தம் கேட்டால் ராத்திரி தூக்கம் வராதாம். படித்து முடித்ததும் மெட்ராசில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் கடல் இருக்கிறது என்று திருப்பூருக்கு வந்திருக்கிறாள்.

பாட்டி என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சீர் கேட்கவில்லை, காடு எத்தனை ஏக்கர் என்று கேட்கவில்லை. "தம்பி, உங்க ஊர்லேருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"ரொம்பத் தூரங்க ஆத்தா. எந்தப் பக்கம் போனாலும் ரொம்பத் தூரம்" என்றேன்.

"அது போதும்" என்றாள்.

தண்ணியில்லாத காடு, தண்ணியில்லாத காடு என்று நாற்பது வருசமாக நான் திட்டின மண்ணை ஒருத்தி இதற்காகவே கேட்கிறாள். வேண்டாம் என்று சொல்லப் போனவன், தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ரயிலில் கும்பகோணம் தாண்டினதும் சின்னவனுக்கு நானே போன் போட்டேன். அவன் அழுதான். நானும்தான்.

இனிமேல்தான் உன்னிடம் கேட்க வேண்டியது. ஊருக்குள் சொன்னதும் வடக்காலூட்டுப் பங்காளிகள் வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். கல்யாணச் சீர்களை முன்னால் நின்று நடத்தி வைக்கிற நம் அருமைக்காரர் "எனக்கு அன்னிக்கு வேற சோலி இருக்குது" என்றார். நான் இன்னும் நாளே சொல்லவில்லை. பெரிய அக்கா இணைச்சீருக்கு வரமாட்டேன் என்கிறாள். அவள் வந்து நிற்காமல் என் பையனுக்கு என்ன கல்யாணம்? கடல்காரர்களுக்கும் நமக்கும் என்ன ஒட்டு என்று ஒருத்தர் கேட்டார். நம் படியூரில் வெட்டின பச்சைக்கல் கடல் ஏறி ரோமாபுரி வரைக்கும் போனது, அந்த ஊர்க் காசு வெள்ளலூரில் குடம் குடமாகக் கிடைத்தது, அதெல்லாம் யார் படகில் போய் வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது மாப்ளே. மறைக்கவில்லை. நம் பக்கம் இந்த மாதிரி விசயத்தில் என்னென்ன நடந்திருக்கிறது என்று உனக்கும் தெரியும். ராத்திரி சின்னவன் பைக் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் வீட்டு ஆசாரத்தில் உட்கார்ந்தேதான் இருக்கிறேன். அந்தப் பெண் ஒரு தடவை தாயை இழந்தவள். என் வீட்டுக்கு வந்து அவளுக்கு இன்னொரு கெடுதல் வரக்கூடாது.

நீயும் தங்கச்சியும் அருமை எடுத்தவர்கள். நீ முன்னால் நின்று சீர் செய்தால் பாதிப் பேர் வாய் அடங்கும். மங்கல வாழ்த்துப் பாட ஆள் நான் பிடித்துவிட்டேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். பெரிய அக்காவிடம் நீ பேசினால்தான் எடுபடும். சின்ன வயசிலிருந்தே உன் பேச்சைத்தான் கேட்பாள். அந்தச் சென்னிமலைத் தேர் ராத்திரியை அவளுக்கு ஞாபகப்படுத்து, போதும்.

வர முடியாது என்றாலும் எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வருவாய் என்றுதான் மண்டபத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன். அவர்கள் பக்கம் இரண்டு வேனில் அறுபது பேர் வருகிறார்கள். முதல் நாளே வந்து சேர்வதால் தங்க இடம் வேண்டும், உன் மச்சினன் தோட்டத்து வீடு சும்மாதானே கிடக்கிறது, கேட்டு வை.

சம்பந்தி கொடுத்த நெத்திலிக் கருவாடு ஒரு பை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். சந்தையில் வாங்குகிற மாதிரி உப்புக் கரிக்காது. கணக்கு வாத்தியார் சம்சாரத்துக்கும் கொஞ்சம் கொடுத்துவிடு.

உன் மச்சான்